பாதரசம் வந்த வழி

சென்ற ஆண்டு பாஸ்கா விழா கழிந்த இரண்டாம் வாரம், மாலைச் செபம் முடிந்து கோயிற் கதவை அடைக்கும் வேளையில் ஒரு தாயார் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மகளுக்குத் திருமணம் உறுதியாகி, முதலாம் ஓலையை அதற்கு முந்திய ஞாயிறன்றுதான் திருப்பலியில் வாசித்திருந்தோம்.

"சாமி, ரெண்டாவது ஓலைய இந்த ஞாயித்துக்கிழமை வாசிக்க வேணாம். பிள்ளைக்கு முகமெல்லாம் வீங்கியிருக்கு, காலும் வீங்கியிருக்கு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போகப்போறோம்" என்றார்.

அத்தாயார் கம்பம் பள்ளத்தாக்கின் பல நூறு பெண்களைப் போல விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்குச் செல்பவர். மகள் தேனியில் ஒரு கடையில் வேலை பார்ப்பவள், வயது இருபத்திரண்டு. நோய் என்று படுத்தறியாதவள். மதுரையில் அவளைப் பார்த்த சிறுநீரக மருத்துவர் சோதனை முடிவுகளைப் புரட்டியபின் கேட்ட முதற் கேள்வி, "முகத்துக்கு என்னம்மா பூசுகிறாய்?" என்பதாம். சிறுநீர் நுரைத்துப் போவதற்கும் முகப்பூச்சுக்கும் என்ன தொடர்பு என்று தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். நிச்சயம் முடிந்த நாள் முதல் நான்கு மாதங்களாக அவள் இரவுதோறும் ஒரு கிரீமைப் பூசி வந்திருக்கிறாள். அந்தச் சிறிய டப்பாவை எம்மிடம் காட்டினார்கள். செய்தவர் பெயரில்லை, ஊரில்லை, உரிம எண்ணில்லை. நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. "நல்லாத்தான் வெளுத்துச்சு சாமி" என்றார் தாயார். சற்றுப் பொறுத்து, "மாப்பிள்ள வீட்டுல கறுப்பா இருக்கான்னு ஒரு சொல் சொல்லிட்டாங்க" என்றும் சொன்னார்.

அந்த ஒரு சொல்லை மாப்பிள்ளை வீட்டார்மேல் மட்டும் ஏற்றிவிட எமக்கு மனம் வரவில்லை. வரன் தேடி வருவோரிடம், "பிள்ளை நல்ல நிறம்" என்று நாமே பரிந்துரைத்ததுண்டு. நமது கத்தோலிக்க இதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்களிலும் 'சிவந்த நிறம்' என்னும் தொடர் எத்தனை ஆண்டுகளாக இடம்பெற்று வந்துள்ளது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இனிமைமிகு பாடலின் தலைவி தன் கருநிறத்தையும் அழகையும் ஒரே மூச்சில் சொல்கிறாள் என்று குருமடத்தில் விரித்துரைக்கப் படித்தவர்கள் நாம்.

இந்த டப்பாவுக்குள் இருந்திருக்கக்கூடியது எது, அது எவ்வழியாக நம் மலையடிவாரத்துக்கு வந்தது என்று அறிய முற்பட்டோம். அந்தத் தேடலின் பயனே இக்கட்டுரை.

பாதரசம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் அதனை இரசம் என்றனர். அதிலிருந்து பிறக்கும் இலிங்கம், பூரம், வீரம் ஆகியவற்றைப் பாடாண வகையுள் வைத்து எண்ணினர். இலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறப் பொருள். பூரமும் வீரமும் பாதரசத்தின் குளோரைடுகள். பழனி மலைக்கோயிலின் திருவுருவம் நவபாடாணத்தால் போகர் செய்தது என்பது மரபு. நஞ்சு என்று அறிந்தே அவர்கள் அதனைக் கையாண்டார்கள் என்பதற்குப் பாடாணம் என்ற பெயரே சான்று. சுத்தி செய்யாமல் தொடலாகாது என்னும் கண்டிப்பும் அவர்கள் நூல்களில் உண்டு.

இதே பூரம்தான், இதனையொத்த வேறு சில பாதரச உப்புகளும்தான், உலகெங்கும் தோல் வெளுக்கும் களிம்புகளில் சேர்க்கப்பட்டன. தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் கருநிறமி. அதனை உண்டாக்கும் நொதி தொழிற்படச் செம்பு அணு வேண்டும். பாதரசம் அந்த இடத்தில் புகுந்து நொதியின் வேலையை நிறுத்திவிடுகிறது. எனவே களிம்பு வெளுக்கச் செய்வது பொய்யன்று. ஆனால் பூசிய பாதரசம் தோலோடு நின்றுவிடுவதில்லை. குருதியில் கலந்து சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. அங்குள்ள மெல்லிய வடிகட்டி பழுதுபட்டால், உடலில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறுகிறது; சிறுநீர் நுரைக்கிறது; முகமும் பாதமும் வீங்குகின்றன. பூசியவர் மட்டுமன்று, அதே தலையணையில் உறங்கும் குழந்தையும் அந்தப் பாதரசத்தில் பங்கு பெறக்கூடும்.

ஒப்பனை மனிதனோடு பிறந்தது. யோபு இழந்தவற்றை இறைவன் திரும்ப அளித்தபோது பிறந்த மூன்றாம் மகளின் பெயர் கெரேன் அப்பூக்கு. கண்மை வைக்கும் கொம்புச் சிமிழ் என்பது அதன் பொருள். அரசி ஈசபேலும் தன் இறுதி நாளில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு சாளரத்தில் வந்து நின்றாள் என்று அரசர்கள் நூல் சொல்கிறது. தெர்த்துல்லியனும் கார்த்தேசு நகர்ச் சிப்ரியானும் பெண்களின் ஒப்பனையைக் கண்டித்து எழுதியவற்றைக் குருமடத்தில் படித்திருக்கிறோம். அவர்கள் அதில் கண்டது செருக்கு; படைத்தவரின் கைவேலையைத் திருத்த முனையும் துணிவு. அந்தச் சிமிழுக்குள் ஈயம் இருந்ததை அவர்கள் கருதவில்லை. பெண்ணைக் கடிந்துகொள்வது எளிதாக இருந்தது. விற்றவனைக் கேட்க வேண்டும் என்று திருச்சபைத் தந்தையருக்கே தோன்றாதபோது மற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஈயம் பின்னரும் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் முகத்தில் வெண்மாவாக விளங்கியது. அழகுக்குப் பேர்பெற்ற கவென்ட்ரி கோமாட்டி மரியா 1760இல் இருபத்தேழு வயதில் இறந்தபோது, அவர் பூசிய ஈயவெள்ளையே காரணம் என்று இலண்டனில் பேசிக்கொண்டார்கள்.

நமது பள்ளத்தாக்குக்கு வருவோம். 1895இல் பென்னிகுவிக் கட்டிய அணையின் நீர் மலையைக் குடைந்து இறங்கியபின்தான் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகள் இன்று நாம் காணும் பசுமையைப் பெற்றன. அக்காலத்துப் பெண்களின் ஒப்பனைப் பொருள்கள் சந்தையிலிருந்து வந்தவை அல்ல. பெரும்பாலும் அடுக்களையிலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவை. சீயக்காய், அரப்பு, பயற்றமாவு, கசுதூரி மஞ்சள், மருதாணி, விளக்கெண்ணெய்ப் புகையில் பிடித்த கண்மை. பழையன எல்லாம் தூயன என்று நாம் சொல்ல வரவில்லை. கடையில் வாங்கிய சுருமாவில் ஈயக்கல் இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த குங்குமத்தின் இடத்தில் பின்னாளில் செயற்கைச் சாயம் வந்தது. எனினும், வீட்டில் அரைத்ததில் என்ன இருக்கிறது என்று அரைத்தவளுக்குத் தெரியும்.

1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. பின்னர் மைசூர் அரசு பெங்களூரில் சந்தனச் சோப்பு செய்யத் தொடங்கியது. 1919இல் பம்பாயில் பாட்டன்வாலா என்பவர் 'ஆப்கான் சுநோ' என்னும் முகக் கிரீமை வெளியிட்டார். இவை நெடுநாள் நகரத்தார் பொருளாகவே இருந்தன. எம்முடைய சிறு வயதில் ஊருக்கொரு வீட்டில், அதுவும் ஆசிரியர் வீட்டில், ஒரு பாண்ட்சு பவுடர் டப்பா இருக்கும். திருவிழா நாளில் தேர் பார்க்கப் போகும் குழந்தைகளுக்கு அந்த வீட்டு அம்மா இரண்டு விரலால் எடுத்துப் பூசி விடுவார். வேர்வையில் அது கோடு கோடாய் வழியும்.

இந்தப் பொருள்களைக் குடிசைவரை கொண்டு சேர்த்த பெருமை நம் தமிழ்நாட்டுக்கே உரியது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவருடைய மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். புட்டி வாங்க இயலாத கூலிப் பெண் சில்லறைக் காசுக்கு ஒரு நாள் தலைமுழுக்கை வாங்க முடிந்தது. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை. பெரிய வீட்டாருக்கு மட்டும் வாய்த்திருந்த ஒரு சிறு மகிழ்ச்சி ஏழைக்கும் கிடைத்தது நல்லதே. ஆனால் பெட்டிக்கடையில் உறைகள் சரமாகத் தொங்கத் தொடங்கியபின் அவற்றின் முதுகில் உள்ள பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யும் பின்னர் இதே உறைவழியில் ஊர்களுக்குள் புகுந்தது. 2020இல் அதன் பெயரிலிருந்த 'ஃபேர்' நீக்கப்பட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று. பெயரை மாற்றியவர்கள் மனத்தை மாற்றும் பொறுப்பை நம்மிடம் விட்டுவிட்டார்கள்.

பாண்ட்சு என்னும் பெயரோடு நம் மாவட்டத்துக்கு வேறொரு தொடர்பும் உண்டு. பவுடரை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு அதனை நாம் நினைவில் வைக்கவில்லை.

தெரோன் பாண்டு என்னும் அமெரிக்கர் 1846இல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய மருந்துச் சரக்கிலிருந்து வளர்ந்தது அந்நிறுவனம். 1955இல் அது செசுபரோ என்னும் மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து செசுபரோ-பாண்ட்சு ஆயிற்று. முகக் கிரீமுக்கும் பவுடருக்கும் பேர்பெற்ற இந்நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்னும் ஊரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகளையும் செய்து வந்தது. அந்த ஆலையின் இயந்திரங்கள் கப்பலேறின. 1983ஐ ஒட்டி அவை வந்து சேர்ந்த இடம் கொடைக்கானல், புனித மரியா சாலை. அமெரிக்காவிலிருந்து பாதரசம் வந்தது; கொடைக்கானலில் கண்ணாடிக் குழலில் அடைபட்டது; வெப்பமானியாகி வெளிநாடுகளுக்குத் திரும்பியது. உடைந்ததும் சிந்தியதும் மட்டும் மலையில் தங்கின. 1987இல் செசுபரோ-பாண்ட்சை யூனிலீவர் வாங்கியதன் தொடர்ச்சியாக ஆலை ஹிந்துஸ்தான் லீவர் வசமாயிற்று.

கொடைக்கானல் திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். எல்லைக்கோடு தாள்மேல் உள்ளது. தண்ணீர் அதனைப் படிப்பதில்லை. 1845இல் அமெரிக்க மறைப்பணியாளர்கள் மலைக்காய்ச்சலுக்குத் தப்பிக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் ஏறினார்கள். 1895இல் செண்பகனூரில் இயேசு சபையார் தம் இல்லத்தை நிறுவிய காலத்திலும் சுமைகூலிகளின் பாதை அதுவே. ஏறும் வழி எதுவோ அதுவே நீர் இறங்கும் வழி. ஆலையின் பின்புறச் சரிவு பாம்பாற்றுச் சோலை என்னும் காட்டில் முடிகிறது. பாம்பாறு கும்பக்கரையில் அருவியாய் விழுகிறது. கோடையில் பெரியகுளத்தாரும் தேனியாரும் குடும்பத்தோடு சென்று நீராடும் அதே கும்பக்கரை. அந்நீர் பின்னர் வைகையைச் சேர்கிறது. வைகை அணையின் நீரை மதுரை குடிக்கிறது.

2001 மார்ச் 7ஆம் நாள், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த வெப்பமானிக் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர்மக்களும் முன்னாள் தொழிலாளரும், பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீசு அமைப்பினரும் சேர்ந்து வெளிப்படுத்தினர். ஏழு டன்னுக்கு மேற்பட்ட சரக்கு. அதில் பாதரசம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடம் அருகிலிருந்த கடைவீதி அது. மறுநாளே ஆலை நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றாம் உலகத்துக்கு வந்த கழிவு முதலாம் உலகத்துக்குத் திரும்பியது அரிய நிகழ்ச்சி. திரும்பாத பகுதி மண்ணிலும் மரப்பாசியிலும் மீனிலும் நின்றது. ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறையின் ஆய்வு மையத்தார் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் கொடைக்கானல் ஏரி மீனில் கிலோவுக்கு 120 முதல் 290 மைக்ரோகிராம் பாதரசம் கண்டதாக எழுதினர்.

ஆலையில் உழைத்தவர்கள் இளம் வயதினர். கையுறையோ முகமூடியோ போதிய அளவு தரப்படவில்லை, வேலை உடையோடே வீடு சென்றோம், சிறுநீரகம் கெட்டது, கருச்சிதைவுகள் நேர்ந்தன என்று அவர்கள் முறையிட்டனர். பாதரசத்தால் தொழிலாளர் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. மைய அரசின் தொழிலாளர் துறை அமர்த்திய குழு 2011இல் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல் நோக்கில் சான்றுண்டு என்றது. 2015இல் சோபியா அஷ்ரப் என்னும் சென்னைப் பெண் பாடிய பாட்டு உலகெங்கும் பரவியபின், 2016 மார்ச்சு மாதம் 591 முன்னாள் தொழிலாளரோடும் குடும்பத்தாரோடும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து ஆண்டுகள்! ஆலை நிலத்தின் மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்துவது என்னும் வழக்கு அதன்பின்னும் நீண்டது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றது ஒரு தரப்பு. மலைக்காட்டின் அடியில் ஊர்கள் உள்ளன, இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்றது மறு தரப்பு.

அந்த ஆலையின் பாதரசம் எந்தப் பவுடரிலும் கிரீமிலும் கலந்தது என்று நாம் சொல்லவில்லை. அப்படி ஒருவரும் குற்றஞ்சாட்டியதுமில்லை. வாட்டர்டவுனில் தேவையற்றுப்போனது கொடைக்கானலுக்கு வந்தது என்பதையே குறித்துக்கொள்கிறோம். ஏனெனில் முகக் களிம்பின் வரலாறும் அதே தடத்தில்தான் நடக்கிறது.

1972இல் கென்யாவின் நைரோபி நகர மருத்துவர்கள், உடல் வீங்கி வந்த பெண்களுள் பலர் பாதரசம் கலந்த தோல் வெளுக்கும் களிம்பைப் பூசியவர்கள் என்று எழுதினர். மதுரை மருத்துவர் கேட்ட கேள்வியை அவர்கள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருந்தார்கள். 1973இல் அமெரிக்கா தோல் வெளுக்கும் பூச்சில் பாதரசத்தைத் தடைசெய்தது. 1976இல் ஐரோப்பியப் பொருளாதாரக் குழுவின் ஆணை வந்தது. ஆனால் தன் மக்களுக்கு ஆகாது என்று ஐரோப்பா ஒதுக்கிய பாதரசச் சோப்பு, ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்வதற்காக ஐரோப்பாவிலேயே பின்னும் பல ஆண்டுகள் செய்யப்பட்டு வந்தது. நஞ்சு என்று தெரிந்தபின் ஒருவன் அதைக் கொட்டிவிடுவான் என்றே நாம் எண்ணுகிறோம். கொட்டுவதில்லை, வாங்குபவனைத் தேடிப் போகிறான்.

சட்டங்கள் பெரும்பாலும் கண்ணீருக்குப் பின்னரே பிறந்திருக்கின்றன. 1933இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்னும் இமைச் சாயம் பல பெண்களின் கண்பார்வையைப் பறித்தது, ஒருவர் இறந்தார். அப்போது அங்கே முகப்பூச்சுக்கு எனச் சட்டமே இல்லை. 1938இல்தான் அது வந்தது. நம் நாட்டில் 1940இல் இயற்றப்பட்ட மருந்துகள் சட்டத்தில் ஒப்பனைப் பொருள்கள் 1962இல் செய்த திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. இன்று 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் நடைமுறையில் உள்ளன. பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருள்களுக்கு மட்டும் பத்து இலட்சத்தில் 70 பங்கு வரை இடம் தந்தார்கள். ஒப்பனைக்கு ஈயம் அல்லது ஆர்செனிக் சேர்ந்த வண்ணம் ஆகாது. உறையின்மேல் செய்தவர் பெயரும் ஊரும், சேர்மானப் பட்டியலும், தொகுதி எண்ணும், பயன்படுத்தும் கெடுவும், உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண் வேண்டும். நம் பெண் கொண்டுவந்த டப்பாவில் இவற்றுள் ஒன்றுமில்லை.

சப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியே மக்களை முடமாக்கியது 1956இல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. அது 2017இல் செயலுக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை ஏற்று உறுதி செய்தது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள ஒப்பனைப் பொருளை 2020க்குள் நிறுத்துவதென முதலில் குறித்தார்கள். 2023இல் கூடியபோது, அளவு என்ன, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருளே 2025க்குப்பின் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

தாளில் இவ்வளவு இருக்க, நாட்டில் என்ன இருந்தது? தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் 32 முகப்பொலிவுக் கிரீம்களைச் சோதித்தது. 14இல் பாதரசம் இருந்தது. அடுத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022இல் ஒன்றை வெளியிட்டார்கள். சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒருவகை நோயுள்ளோரில் பலர் பாதரசமுள்ள மரபு மருந்துகளை உட்கொண்டவர்கள் என்று கண்டார்கள். நாட்டு மருந்து கெடுதல் செய்யாது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோர் இதனைக் கருத்தில் கொள்வது நன்று. பாடாணத்தைச் சுத்தி செய்யத் தெரிந்த சித்தர் வேறு. பேருந்து நிலையத்தில் பொட்டலம் விற்பவர் வேறு.

அதன்பின் மலைக்கு மேற்கே, கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், தனியார் மருத்துவமனையொன்றின் சிறுநீரக மருத்துவர்கள் இதே நோயை முகக் கிரீமோடு இணைத்துக் கண்டறிந்தார்கள். 2021 சூலை முதல் 2023 செப்டம்பர் வரை அவர்களிடம் வந்த 22 நோயாளருள் 15 பேருக்கு இந்த வகை. அந்த 15 பேருள் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள். நோயின் கொடுமையைவிட இந்தக் கடைசிச் செய்தியே பரவியிருக்க வேண்டும் என்பது எம் எண்ணம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் 'ஆப்பரேஷன் சௌந்தர்யா' என்னும் சோதனையைத் தொடங்கியது. அளவுக்குப் பன்னீராயிரம் மடங்கு பாதரசமுள்ள பொருள்களும் அகப்பட்டன என்று 2025இல் அறிவித்தது. குமுளிக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள தொலைவு வாசகர்களுக்குத் தெரியும்.

மற்றவை பற்றிச் சில சொற்கள். குழந்தைகளுக்கு அப்பும் டால்கம் பவுடர் மூச்சில் ஏறக்கூடியது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை டால்க்கை 2024இல் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ள பொருள்களோடு சேர்த்தது. தலைச்சாயத்திலுள்ள பாராபினைலின் டைஅமைன் பலருக்குத் தோலழற்சி தருவது. உள்ளே போனால் உயிருக்கே கேடு என்று 2010இல் வேலூர் மருத்துவர்களே எழுதினர். அதனை மருந்துப் பெட்டியைப் போலப் பூட்டி வைப்பது நல்லது. பிள்ளைகள் உள்ள வீட்டிலும், மனம் நொந்த ஒருவர் உள்ள வீட்டிலும் இன்னும் நல்லது. ஒட்டுப்பொட்டின் பசை சிலர் நெற்றியில் வெள்ளைத் தழும்பை உண்டாக்குகிறது. சோப்பையும் ஷாம்புவையும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கை கழுவாமையால் மாண்டவர்கள் சோப்பால் மாண்டவர்களைவிட எண்ணற்றவர்கள். எல்லா வேதிப்பொருளும் நஞ்சு என்று மேடையில் முழங்குவோரோடு எமக்கு உடன்பாடில்லை. தண்ணீரும் வேதிப்பொருள்தான்.

அந்தப் பெண்ணுக்கு மருந்தும் உப்பில்லாச் சோறும் தொடர்ந்தன. முகம் வெளுக்கவுமில்லை, பழைய நிறத்துக்கு வரவுமில்லை. ஓரிரு மாதங்கள் திட்டுத் திட்டாக இருந்தது. கோயிலுக்கு வந்தால் கடைசித் தூணருகே முக்காடிட்டு நிற்பாள். ஆடி மாதத்தில் ஒருநாள் மாப்பிள்ளைப் பையன் தனியே எம்மிடம் வந்தான். "வீட்டுல யாரோ சொன்ன சொல்லுக்கு இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாது சாமி. அது சொகமாகட்டும், நான் இருக்கேன்" என்றான். யார் சொன்னது என்று நாம் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஓலை வாசித்து ஆறு திங்களுக்குள் திருமணம் நடைபெறாவிடில் மீண்டும் முதலிலிருந்து வாசிப்பது பழைய ஒழுங்கு. அதன்படி திருக்காட்சி விழாவுக்குப் பிந்திய மூன்று ஞாயிறுகளில் மூன்று ஓலைகளும் வாசித்து, தவக்காலத்துக்கு முந்திய வாரம் திருமணத்தை நிறைவேற்றி வைத்தோம். சிறுநீரில் புரதம் ஏறத்தாழ நின்றுவிட்டதென்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டுமென்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

டப்பா எம்மிடம் உள்ளது. வாய்க்காலில் எறிந்தால் முல்லையாற்றில் போய்ச் சேரும், எரித்தால் ஆவியாகும், குப்பையில் போட்டால் யாரேனும் ஒரு சிறுமி எடுத்துப் பூசுவாள். ஒரு கண்ணாடிச் சீசாவில் இட்டு, மூடியை மெழுகால் அடைத்து, ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கும் அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். இதைப் பெற்றுக்கொள்வார் யார் என்று இரண்டு அலுவலகங்களில் கேட்டோம். தம் துறையில் அதற்கு வழியில்லை என்று இரண்டிலும் சொன்னார்கள்.